மரத்தில் இருப்பதெல்லாம் பாசி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். தன் புளோக்கைச் சுற்றியுள்ள தூங்குமூஞ்சி மரங்களில் பாசி ஏறிவிட்டது, பார்க்கவே நன்றாக இல்லை, மரம் பட்டுப்போவதற்குள் நகர மன்றம் ஆள்விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று. அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. சுரண்டச் சொல்கிற அந்தப் பச்சை என்ன என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

நான் 28 ஆண்டுகள் பள்ளி அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்லைடு தயார் செய்து வைப்பது, நுண்நோக்கிகளைத் துடைத்து வைப்பது, அமிலப் புட்டிகளுக்குப் பெயர் ஒட்டுவது, இதுதான் வேலை. ஒருநாள் பிள்ளைகளுக்குச் செல் காட்ட வைத்திருந்த வெங்காயம் தீர்ந்துபோய்விட்டது, வகுப்பு தொடங்க 10 நிமிடம்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியாமல் பின்பக்கச் சுவரிலிருந்து கொஞ்சம் பச்சையைக் கிள்ளிவந்து கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்துப் பார்த்தேன். சாயம் எதுவும் போடாமலே செல்கள் வரிசை வரிசையாக, தேனடை மாதிரி, ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை மணிகள் நிறைந்து தெரிந்தன. வெங்காயத் தோலை உரிப்பதுபோல் மெல்லிசாக உரிக்கவே தேவையில்லை, ஏனென்றால் அந்தப் பச்சை மாஸ் (moss) என்ற சின்னஞ்சிறு செடி, அதன் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் வெங்காயத்தை மறந்துவிட்டார்கள். நானும்தான்.

அந்த வாசகருக்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். மரப்பட்டையில் மெத்தை மெத்தையாக இருப்பது மாஸ். அதற்கு உண்மையான வேர் கிடையாது. பிடித்துக்கொள்வதற்கு மெல்லிய இழைகள் உண்டு, அவ்வளவுதான். அந்த இழைகள் மரத்துக்குள் இறங்கிச் சாற்றை உறிஞ்சுவதில்லை. வெயிலில் தன் உணவைத் தானே செய்துகொள்கிறது, தண்ணீரை மழையிலிருந்து எடுத்துக்கொள்கிறது, மரம் அதற்கு உட்கார ஓர் இடம், வேறொன்றுமில்லை. மரம் பட்டுப்போனால் காரணம் வேரிலோ பூஞ்சையிலோ கறையானிலோ இருக்கும். இரும்புத் தகடு வைத்துச் சுரண்டினால்தான் பட்டை காயமாகி நோய் உள்ளே போக வழி கிடைக்கும்.

நடைபாதையிலும் படிக்கட்டிலும் மழைக்காலத்தில் வழுக்குகிறதே அது வேறு. வழவழவென்று கரும்பச்சையாகப் படிகிற அந்தப் படலம் பெரும்பாலும் நுண்ணிய பாசியும் நீலப்பச்சைப் பாசியும். அதைத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும், வயதானவர்கள் நடக்கிற இடம், என் மனைவியே ஒருமுறை வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் இருந்தார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடைபாதைப் படலத்தின் மேல் உள்ள கோபத்தை மரத்து மாஸ் மேல் காட்டுவது நியாயமில்லை.

எல்லாக் குழப்பத்துக்கும் நம் பாசி என்ற ஒரே சொல்தான் மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது. குளத்தில் மிதப்பதும் பாசி, மீன் தொட்டிக் கண்ணாடியில் படர்வதும் பாசி, சுவரில் முளைப்பதும் பாசி. காதலனைப் பிரிந்தவள் மேல் படரும் பசலையைக் குளத்துப் பாசியோடு ஒப்பிட்டுப் பாடிய மொழி நம்முடையது, கை பட்ட இடத்தில் விலகி, கை எடுத்ததும் திரும்பப் படர்கிறது என்று அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மொழியில் சுவரில் இருப்பதற்கும் குளத்தில் இருப்பதற்கும் தனித்தனிப் பெயர் புழங்காமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் பிரையோஃபைட்டுகள் என்று எழுதுகிறார்கள், அது மாஸ், ஈரல்செடி, கொம்புச்செடி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். இவற்றைப் பற்றிய அறிவியலுக்குப் பிரையாலஜி என்று பெயர், கிரேக்கத்தில் பிரையோன் என்றால் மாஸ். நான் இந்தக் கடிதத்தில் மாஸ் என்றே எழுதுகிறேன், கடைக்காரர் முதல் பள்ளிப்பிள்ளை வரை எல்லாருக்கும் புரிகிறது.

உலகத்தில் மாஸ் மட்டும் சுமார் 12,000 வகை. ஈரல்செடிகள் 7,000க்கும் மேல். கொம்புச்செடிகள் சில நூறுதான். நிலத்தில் செடிகள் குடியேறத் தொடங்கிய காலத்திலேயே, ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, இவற்றைப் போன்றவற்றின் ஸ்போர்கள், அதாவது விதைக்குப் பதிலாக இவை பரப்பும் நுண்ணிய துகள்கள், பாறைகளில் கிடைக்கின்றன. அப்போது பூ கிடையாது, மரம் கிடையாது, டைனோசர் கூட வெகு காலம் கழித்துத்தான்.

ஈரல்செடி என்ற பெயரைக் கேட்டுப் பலர் அது மருந்தா என்று கேட்கிறார்கள். நம் வீடுகளில் மஞ்சள்காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவார்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஒரு செடி எந்த உறுப்பைப் போல இருக்கிறதோ அந்த உறுப்புக்கு அது மருந்து என்று நம்பினார்கள். இதன் தட்டையான, மடல் மடலான உடம்பு கல்லீரலைப் போல இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. பெயர் நின்றுவிட்டது, மருந்து நிற்கவில்லை. என் அத்தை குடும்பம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது, சின்ன வயதில் விடுமுறைக்குப் போகும்போது தண்ணீர் கசிகிற மண்சரிவில் இது ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பெயர் தெரியாது. மார்க்கான்ஷியா என்ற வகை அது. அதன் மேல் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும், கிண்ணத்துக்குள் பச்சைத் துகள்கள். மழைத்துளி சரியாகக் கிண்ணத்துக்குள் விழுந்தால் துகள்கள் தெறித்து வெளியே போய் விழுந்து புதுச் செடியாகிவிடும். அத்தையின் பிள்ளைகளோடு அதில் தண்ணீர் ஊற்றி விளையாடியிருக்கிறேன், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதற்கு விதைப்பு வேலை பார்த்திருக்கிறோம்.

மாஸின் பிறப்பு கதையும் தண்ணீரை நம்பித்தான். ஆண் அணுவுக்கு வால் உண்டு, ஈரத்தில் நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேர முடியும். ஒரு மழை, ஒரு பனித்துளிப் படலம் போதும். சேர்ந்த பிறகு தாய்ச்செடியின் தலையிலேயே ஒரு மெல்லிய காம்பும் நுனியில் ஒரு குடுவையும் வளர்கிறது. அந்தக் காம்பும் குடுவையும்தான் அடுத்த தலைமுறை, ஆனால் அது கடைசிவரை தாயின் மேலேயே நின்று தாயிடமே சாப்பிடுகிறது. நாம் பச்சை மெத்தையாகப் பார்ப்பது தாய்த் தலைமுறை, பழுப்பு ஊசியாக நிமிர்ந்து நிற்பது பிள்ளைத் தலைமுறை. குடுவை முற்றி மூடி கழன்றதும் ஸ்போர்கள் காற்றில் போகும்.

இந்த இரண்டு தலைமுறைக் கதை மாஸுக்கு மட்டுமில்லை, பெரணிக்கும் ஊசியிலை மரங்களுக்கும் அடியில் ஓடுகிறது என்று 1851இல் எழுதிக் காட்டியவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் அப்பாவின் இசைப் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, கடை வேலைக்கு நடுவே நுண்நோக்கியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்த நூல் வந்தபோது அவருக்கு 27 வயது. பிறகு 1863இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடு கழுவிக்கொண்டிருந்த எனக்கு அவரை நினைத்தால் எப்போதும் நெஞ்சு நிறையும்.

அவருக்கு முன்னோடி ஜோஹன் ஹெட்விக். இவர் மருத்துவர், 1730இல் இப்போதைய ருமேனியாவில் பிறந்து ஜெர்மனியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மாஸ்களை ஆராய்ந்தவர். மாஸுக்கும் ஆண், பெண் உறுப்புகள் உண்டு என்று தெளிவாகக் கண்டு காட்டியவர். 1799இல் இறந்துபோனார், அவருடைய பெரிய நூல் 1801இல்தான் வெளிவந்தது. இன்றைக்கும் மாஸ்களின் அறிவியல் பெயர்கள், ஸ்பேக்னம் என்ற ஒரு மாஸ் குடும்பம் தவிர, அந்த நூலிலிருந்துதான் கணக்கு.

இவரை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவர் பெயர் வைத்த செடி ஒன்று சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிட ஓரத்தில் இருக்கிறது. ஒரு பழைய எண்ணெய்ப்பனை, அதன் அடிமட்டைகளின் இடுக்கில் வெளிர்பச்சையாக, காய்ந்தால் கிட்டத்தட்ட வெள்ளையாக, குட்டித் தலையணை மாதிரி. ஆக்டோபிளெஃபாரம் அல்பிடம். ஆக்டோ என்றால் எட்டு, பிளெஃபாரம் என்பது கண்ணிமை மயிரைக் குறிக்கும், அல்பிடம் என்றால் வெண்மையானது. குடுவையின் வாயைச் சுற்றி எட்டுப் பற்கள் இமைமயிர் போல நிற்பதால் அந்தப் பெயர். நான் முன்பு சொன்ன ஒரு செல் தடிமன் என்ற கணக்குக்கு இது விதிவிலக்கு, பச்சை செல்களுக்கு மேலும் கீழும் உயிரில்லாத வெற்று செல்கள் போர்வையாக மூடி நீரைச் சேர்த்து வைக்கும், அதனால்தான் அந்த வெளுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலபேர் மரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று பயப்படுகிறார்கள்.

சிமெண்டுச் சுவரில் இருக்கிற மாஸ்களில் எனக்குப் பிடித்தது ஹையோஃபிலா. வெயிலில் இலைகள் உள்பக்கமாகச் சுருண்டு கருத்துப்போய் செத்த மாதிரி இருக்கும். ஒரு தெளிப்பானில் தண்ணீர் எடுத்து இரண்டு முறை அடியுங்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலைகள் விரிந்து நட்சத்திரம் நட்சத்திரமாகப் பச்சை திரும்பும். என் பேத்தி முதல்முறை பார்த்தபோது தாத்தா அது மூச்சு விடுது என்றாள். மாஸ்கள் பலவற்றுக்கு இந்தத் திறமை உண்டு, நாம் காய்ந்தால் சாவோம், அவை காய்ந்தால் காத்திருக்கும். குளிரில் இன்னும் அதிசயம். அண்டார்க்டிக்காவின் சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த மாஸ் அடுக்கை எடுத்துவந்து வெளிச்சமும் ஈரமும் கொடுத்தபோது அது திரும்பத் துளிர்த்தது என்று 2014இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள்.

சரி, இதனால் மனிதருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களும் உண்டு. மாஸ் இலைக்கு மேலே மற்றச் செடிகளைப்போல தடித்த மெழுகுப் பூச்சு கிடையாது, மண்ணிலிருந்து உறிஞ்ச வேரும் கிடையாது. அதனால் காற்றிலும் மழையிலும் தூசியிலும் வருவதுதான் அதற்குச் சோறு, நல்லதும் வரும் நச்சும் வரும், எல்லாம் உடம்பிலேயே தங்கும். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தில் வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் தெரு மரங்களில் 346 இடங்களில் மாஸ் எடுத்துச் சோதித்தார்கள். சில இடங்களில் காட்மியம் என்ற உலோகம் எக்கச்சக்கமாக இருந்தது. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இடங்கள் வண்ணக்கண்ணாடி செய்யும் இரண்டு தொழிற்சாலைகளைச் சுற்றி அமைந்தன. அதற்குப் பிறகுதான் அங்கே காற்றை அளக்கும் கருவி வைத்தார்கள், காற்றிலும் காட்மியம் இருந்தது, 2016இல் ஊரே கொந்தளித்தது. குழந்தைகள் விளையாடுகிற தெருவில் அத்தனை ஆண்டுகள் யாருக்கும் தெரியாத ஒன்று, மரத்து மாஸைக் கிள்ளிப் பார்த்ததால் தெரியவந்தது. ஐரோப்பாவில் பல நாடுகள் 1990 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாஸை வைத்தே காற்றில் வரும் உலோகங்களைக் கணக்கெடுக்கின்றன. விலை உயர்ந்த கருவியை ஒவ்வொரு தெருவிலும் வைக்க முடியாது, மாஸ் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் நாற்றுப்பண்ணையில் பாக்கெட்டில் வாங்குகிற காய்ந்த மாஸ் ஸ்பேக்னம், நியூசிலாந்திலிருந்தும் சிலியிலிருந்தும் வருகிறது. தன் எடையைப்போல் 20 மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், முதல் உலகப்போரில் பஞ்சு தட்டுப்பாடானபோது காயத்துக்கு வைத்துக் கட்டியதும் இதைத்தான். குளிர்நாடுகளில் இது மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துதான் பீட் நிலம் ஆகிறது. உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடுதான் பீட், ஆனால் மண்ணில் உள்ள கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு அதில்தான் அடங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும், 2013 ஜூனில் நம் காற்றுத் தரக் குறியீடு 401 வரை போனதே, அந்தப் புகைமூட்டத்தில் எரிந்த சுமத்ராவின் பீட் மாஸால் ஆனதில்லை, சதுப்புக் காட்டு மரங்களின் வேரும் கட்டையும் மக்காமல் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறார்கள்.

நம் ஊரில் இதைப் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆன் ஜான்சன் எழுதிய சிங்கப்பூர், மலேசிய மாஸ்கள் பற்றிய நூல் 1980இல் இங்கேயே வெளிவந்தது. பிலிப்பீன்ஸைச் சேர்ந்த பெனிட்டோ டான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பிறகு பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவிலும் இருந்து இதற்காகவே உழைத்தார், 2016இல் காலமானார். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். கடையில் ஜாவா மாஸ், சிங்கப்பூர் மாஸ் என்று விற்பார்கள் அல்லவா, நெடுங்காலம் சிங்கப்பூர் மாஸுக்கு உரிய வெசிகுலாரியா டுபியானா என்ற பெயரை ஜாவா மாஸுக்கு ஒட்டி உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். ஜாவா மாஸின் சரியான பெயர் டாக்சிஃபில்லம் பார்பியேரி. அந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. நம் ஊர்ப் பெயரையே தாங்கி உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்கிற ஒரு செடி, நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ் மண்ணிலும் இது புதிதில்லை. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த ஃபொரோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பழனி மலை முழுக்க நடந்து மாஸ் சேகரித்தார், அந்த மலைத்தொடரின் மாஸ்களைப் பற்றிய அவர் கட்டுரை 1961இல் வந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலைகளின் மாஸ்களையும் ஈரல்செடிகளையும் தேடித்தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் ஒரு பிள்ளை படித்துப் புரிந்துகொள்ள எளிய கட்டுரை தேடினால் கையில் அகப்படுவது குறைவு. அதனால்தான் ஆசிரியரிடம் கேட்கிறேன், மாணவர் பக்கத்தில் மாதம் ஒரு மாஸ் என்று ஒரு படமும் 10 வரியும் போடுங்கள். பாசி வேறு, மாஸ் வேறு, ஈரல்செடி வேறு என்று அந்தப் பக்கத்திலாவது பிரித்து எழுதுங்கள். படம் எடுத்துத் தர நான் இருக்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள், கண்ணுக்கு ஒட்டி வைத்து, தலையைச் செடிக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும், கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. புக்கிட் தீமா காட்டுக்குப் போனால் பாதையோரத்து நிழலில் நிற்கிற செடிகளின் பழைய இலைகளைக் கவனியுங்கள், இலையின் மேலேயே பொட்டுப் பொட்டாகச் சின்ன ஈரல்செடிகள் ஒட்டிப் படர்ந்திருக்கும். ஓர் இலையின் மேல் இன்னொரு செடி குடித்தனம் நடத்துகிறது. நிழலும் ஈரமும் குறைந்தால் முதலில் காணாமல் போவது அவைதான், காடு வெட்டப்பட்ட இடத்தில் மரத்தைத் திரும்ப நட்டுவிடலாம், இவை சீக்கிரம் திரும்பி வருவதில்லை. பார்க்கலாம், படம் எடுக்கலாம், கிள்ளக் கூடாது. இயற்கை வனப்பகுதியிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

நகர மன்றங்களுக்கும் குத்தகையாளர்களுக்கும் கோரிக்கை ஒன்றுதான். நடைபாதையைக் கழுவுங்கள், படிக்கட்டைக் கழுவுங்கள், மரத்தடியில் தண்ணீர்த் துப்பாக்கியை நிறுத்திவிடுங்கள். சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பக்கத்தில் கழுவ வந்த ஒரு பையன் கையோடு கையாக இரண்டு மரங்களின் அடியையும் அடித்து வெளுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாரும் சொல்லவில்லை. பட்டை இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது, தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், வடக்குப் பக்கம் மட்டும் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சை தெரிகிறது.

கடிதம் எழுதிய அந்த வாசகர் சம்மதித்தால் என் தொலைபேசி எண்ணை அவருக்குக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, அவர் புளோக்குக்கே வருகிறேன். லென்ஸ் இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல்கூட உதவியாளர்,
ஈசூன்